எக்ஸ்டென்ஷனுக்கு அடியில் அயலவரின் கழிவுக் குழாய்: கட்டி முடித்த பிறகு அனுமதி தேடுபவர்களுக்கு

ஆசிரியருக்கு,

லண்டனில் வீடு விற்கும் நம்மவர்கள் பலர் கடைசிக் கட்டத்தில் ஒரு கேள்வியில் மாட்டுப்படுகிறார்கள். விலை பேசியாகிவிட்டது, வாங்குபவருக்கு வங்கிக் கடனும் சரிவந்துவிட்டது. அப்போது வாங்குபவரின் சொலிசிற்றர் எழுதுகிறார்: பின்பக்க எக்ஸ்டென்ஷன் பொதுக் கழிவுக் குழாயின் மேலே நிற்கிறது, அதற்குரிய பில்ட் ஓவர் உடன்பாட்டை, அதாவது குழாயின் மேல் கட்டத் தண்ணீர்க் கம்பனி தந்த சம்மதத்தை, அனுப்புங்கள். கட்டிய பில்டரிடம் கேட்டால் "பெர்மிஷன் தேவையில்லை என்று கவுன்சிலே சொன்னதே" என்பார். கவுன்சில் சொன்னது வேறொரு பெர்மிஷனைப் பற்றி. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

ஒரு எக்ஸ்டென்ஷனுக்கு மூன்று தனித்தனிக் கடுதாசிகள் உண்டு. முதலாவது பிளானிங். ஒட்டிய வீடென்றால் பின்னால் 3 மீற்றர், தனி வீடென்றால் 4 மீற்றர் வரை ஒரு மாடிக் கட்டடத்துக்கு, மற்ற நிபந்தனைகளும் பொருந்தினால், பிளானிங் விண்ணப்பம் தேவையில்லை. பில்டர் சொன்னது இதைத்தான். இரண்டாவது கட்டட விதிகளின் கீழான பில்டிங் கொன்ட்ரோல் சான்றிதழ். அத்திவாரம், கூரை, வெப்பக் காப்பு, வடிகால் எல்லாம் இதில் அடங்கும். மூன்றாவது கழிவுக் குழாயின் சொந்தக்காரரான தண்ணீர்க் கம்பனியின் சம்மதம். ஒன்று இருப்பதால் மற்றது இருக்கிறது என்று ஆகாது. பிளானிங் விலக்கு இருந்தாலும் மற்ற இரண்டும் தேவைப்படலாம்.

குழாய் யாருடையது என்பதைச் சட்டம் இப்படிப் பிரிக்கிறது: ஒரு வீட்டின் கழிவை மட்டும் அந்த வீட்டு எல்லைக்குள் கொண்டுபோவது அந்த வீட்டுக்காரரின் வடிகால். இரண்டாவது வீட்டின் கழிவு சேர்கிற இடத்திலிருந்து அது பகிர்குழாய். இங்கிலாந்திலும் வேல்ஸிலும், 2011 யூலை 1 அன்று பொதுக் கழிவு வலையமைப்போடு இணைந்திருந்த தனியார் பகிர்குழாய்கள் பெரும்பாலும் எல்லாமே 2011 ஒக்ரோபர் 1 அன்று தண்ணீர்க் கம்பனிகளின் கைக்கு மாறின. வீட்டுக்காரருக்குக் கடிதம் வந்திருக்கலாம், அதை வாசிக்காமல் வைத்திருக்கலாம், ஆனால் மாற்றம் நடந்துவிட்டது. அன்று முதல் உங்கள் பின்வளவில் ஓடும் நான்கு அங்குலப் பழைய களிமண் குழாய்கூட, பக்கத்து வீட்டுக் கழிவும் அதில் வந்தால், பொதுக் குழாய்.

ஆகவே முதலில் தேடவேண்டியது எக்ஸ்டென்ஷன் கட்டி முடிந்த திகதியை. 2011 ஒக்ரோபருக்கு முன் முடிந்து, அப்போது கீழே இருந்தது தனியார் பகிர்குழாய் என்றால், அந்த நேரத்தில் கம்பனியின் உடன்பாடு கேட்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. உங்கள் சொலிசிற்றர் திகதிக்கான சான்றோடு அதை எழுதினால் பல வேளைகளில் கேள்வி அத்தோடு நின்றுவிடும். இதில் ஒரு பொறி உண்டு. 1937 ஒக்ரோபர் 1க்கு முன் போடப்பட்ட பகிர்குழாய்கள் பல, 1936ஆம் ஆண்டுப் பொதுச் சுகாதாரச் சட்டத்தின்படி 2011க்கு வெகு முன்பே பொதுக் குழாய்கள்தான். ஹாரோ, வெம்பிளிப் பக்கம் நம்மவர்கள் வாங்கியிருக்கும் இரட்டை வீடுகளில் ஒரு பெரும் பகுதி அந்தக் காலத்துக் கட்டடங்கள். வீடு கட்டிய ஆண்டைப் பார்க்காமல் 2011ஐ மட்டும் சொல்லித் தப்ப முடியாது.

அடுத்தது வரைபடம். வாங்குபவரின் சொலிசிற்றர் எடுக்கும் தண்ணீர், வடிகால் தேடலில் பொதுக் குழாய்களின் படம் வரும். உங்கள் வளவில் அந்தப் படம் வெறுமையாக இருந்தால் குழாய் இல்லை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். 2011இல் கைமாறிய குழாய்களில் ஏராளமானவை எந்தப் படத்திலும் இல்லை. இன்னொன்று: ஹாரோவில் குடிதண்ணீர் பில் அஃபினிற்றியிடமிருந்து வரும், ஆனால் கழிவுக் குழாய் தேம்ஸ் வாட்டருடையது. இல்போர்ட் பக்கத்திலும் குடிதண்ணீர் ஒரு கம்பனி, கழிவு இன்னொரு கம்பனி. பில்லில் உள்ள பெயருக்கு விண்ணப்பம் போட்டு வாரக்கணக்கில் காத்திருப்பதில் பயனில்லை.

படத்தை விட மேன்ஹோல் மூடிதான் உண்மை சொல்லும். பின்வளவில் ஏறத்தாழ 600க்கு 450 மில்லிமீற்றர் அளவில் ஒரு வார்ப்பிரும்பு மூடி இருக்கும். கிளப்பினால் செங்கல் தொட்டி, அடியில் அரைவட்ட வாய்க்கால், இரு கரையிலும் சரிவாகப் பூசிய சீமெந்து. உங்கள் வீட்டில் ஒரு குழாயையும் திறக்காமல், பக்கத்து வீட்டுக்காரரை மலசலகூடத்தில் ஃபிளஷ் பண்ணச் சொல்லுங்கள். வாய்க்காலில் தண்ணீர் ஓடினால் அது பகிர்குழாய். சந்தேகம் இருந்தால் வடிகால் வேலைக்காரர்கள் பாவிக்கும் பச்சைச் சாயத்தை ஒவ்வொரு மலசலகூடமாக ஊற்றிப் பார்க்கலாம். அந்தக் காலத்து இரட்டை வீடுகளில் குழாய் வழக்கமாகப் பின்சுவருக்கு இணையாக வரிசையாக ஓடி, இரண்டு வீட்டுக்கும் இடையிலுள்ள ஒழுங்கையால் முன்றோட்டுக்குப் போகும். பின்சுவரிலிருந்து மூன்று மீற்றருக்குக் கட்டினால் அதன்மேல் ஏறாமல் தப்புவது கடினம். மேலே ஏறாவிட்டாலும் குழாயிலிருந்து மூன்று மீற்றருக்குள் வந்தாலே விதி பொருந்தும்.

மேன்ஹோலே காணவில்லை, எக்ஸ்டென்ஷன் தரைக்கு அடியில் போய்விட்டது என்றால் அதுதான் ஆகக் கூடாத நிலைமை. அதற்குப் பிறகு வருகிறேன்.

குழாய்க்கு என்ன நடந்திருக்கும் என்பதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் கடுதாசிக்குப் பின்னால் உள்ள காரணம் இதுதான். பழைய களிமண் குழாய்கள் ஏறத்தாழ 600 மில்லிமீற்றர் நீளத் துண்டுகள், மூட்டுகளில் சீமெந்துச் சாந்து. ஆறு மீற்றர் அகல எக்ஸ்டென்ஷனுக்குக் கீழே பத்து மூட்டுகள் வரும். எக்ஸ்டென்ஷனின் இரண்டு பக்கச் சுவர்களும் அந்தக் குழாயைக் கடக்கும். அவசரத்தில் வேலை செய்கிற பில்டர் அத்திவாரக் கிடங்கு வெட்டி, குழாயைச் சுற்றி ஒன்றும் வைக்காமல் கொங்கிறீற்றை ஊற்றிவிடுவார். லண்டன் களிமண் வெயிலில் சுருங்கும், மழையில் ஊதும். பழைய வீடு ஒரு அளவில் அசையும், புது அத்திவாரம் இன்னொரு அளவில் அசையும், கொங்கிறீற்றுக்குள் இறுகிய குழாய் இரண்டுக்கும் நடுவில் கத்தரிக்கோலில் அகப்பட்டதுபோல் வெட்டுப்படும். கமரா அனுப்பினால் சுவருக்கு நேர் கீழே வளையமாக ஒரு வெடிப்புத் தெரியும், அல்லது ஒரு துண்டு கீழிறங்கிப் படிபோல நிற்கும். அந்தப் படியில் ஈரத் துடைப்பான்கள் சிக்கும், பின்னால் கொழுப்புச் சேரும், மேல் பக்கத்து அயலவரின் குளியலறையில் கழிவு எதிர்த்து வரும்.

இன்னும் மூன்று தவறுகள் அடிக்கடி தெரியும். ஒன்று, உடைந்த களிமண்ணுக்குப் பதில் பிளாஸ்ரிக் குழாய் போட்டவர்கள் பொருத்தமான ரப்பர் இணைப்பான் போடாமல் சாந்தால் அடைத்திருப்பது. இரண்டு, கீழ்மாடிப் புது மலசலகூடத்துக்காகக் குழாயின் முதுகில் ஓட்டை உடைத்து அதில் நேரே செருகியிருப்பது. பொதுக் குழாயோடு புது இணைப்புச் செய்ய 1991ஆம் ஆண்டுத் தண்ணீர்த் தொழில் சட்டத்தின் 106ஆம் பிரிவில் கம்பனிக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும், உடன்பாட்டில் அது அடங்காது. மூன்றாவது, பாவனையில் இல்லாத பழைய கிளைக் குழாயை வாய் அடைக்காமல் தரைக்குக் கீழே விட்டிருப்பது. புதுக் குசினியில் எலி வருகிறது என்று மருந்து வைத்துக்கொண்டிருக்கும் பல வீடுகளில் வழி அதுதான்.

இனி ஒழுங்கு. யாருக்கு முதலில் தொலைபேசி எடுப்பது என்பதில்தான் பலர் தவறு விடுகிறார்கள். கம்பனிக்கோ கவுன்சிலுக்கோ அழைக்கும் முன் உங்கள் சொலிசிற்றருடன் கதையுங்கள். உடன்பாடு இல்லாமல் கட்டிய கட்டடத்துக்கு இன்டெம்னிற்றி காப்புறுதி என்று ஒன்று உண்டு. ஒரே தடவை பிரீமியம் கட்டுவது, பின்வரும் சொந்தக்காரருக்கும் செல்லும். கம்பனி நடவடிக்கை எடுத்து அதனால் வரும் பண நட்டத்துக்கு அது ஈடு. கம்பனியுடனோ கவுன்சிலுடனோ இதுபற்றி ஏற்கெனவே தொடர்புகொண்டிருந்தால் காப்புறுதி நிறுவனங்கள் பொதுவாக மறுத்துவிடும். "சும்மா பெயர் சொல்லாமல் கேட்டுப் பார்ப்போம்" என்று வீட்டு விலாசத்தைக் கொடுத்துக் கேட்டவர்கள் அந்தக் கதவைத் தாங்களே பூட்டியிருக்கிறார்கள்.

ஆனாலும் அந்தக் காப்புறுதியை ஒரு தீர்வாக நினைப்பதை நான் ஏற்கமாட்டேன். வெடித்த குழாயை அது ஒட்டாது. அடைப்பு வந்தால் அதற்குப் பணம் தராது. குறைபாடு இருப்பது தெரிந்தும் மறைத்து எடுத்தால் செல்லாது. குழாய் நல்ல நிலையில் இருந்து, கட்டி ஆண்டுகள் ஆகி, விற்பனை நெருங்கிவிட்ட இடத்தில் அது பொருத்தமான வழி. தொடர்ந்து குடியிருக்கப் போகிறவர்களுக்கும் கடன் மாற்றி எடுக்கப் போகிறவர்களுக்கும் நேர்வழிதான் நல்லது. டி.ஏ.6 எனும் விற்பனையாளர் படிவத்தில் எக்ஸ்டென்ஷன் பற்றிய கேள்விக்கு உண்மையை எழுதுங்கள். பொய் எழுதினால் விற்ற பிறகும் வழக்கு வரும்.

நேர்வழியின் முதல் படி சிசிடிவி சேர்வே. எக்ஸ்டென்ஷனுக்கு மேல்பக்க மேன்ஹோலிலிருந்து கீழ்பக்க மேன்ஹோல் வரை, முதலில் உயரழுத்தத் தண்ணீரால் கழுவிவிட்டுத்தான் கமரா போகவேண்டும். கழுவாமல் எடுத்த படத்தில் வெடிப்பு எது, கறை எது என்று யாருக்கும் தெரியாது. வெறும் வீடியோ போதாது. குறைபாடு எத்தனை மீற்றரில், என்ன குறியீடு, அமைப்பு நிலை 1 முதல் 5 வரை எந்தத் தரம் என்று எழுதிய அறிக்கை கேளுங்கள். 1 என்றால் நன்று, 5 என்றால் இடிந்தது அல்லது இடியும் நிலை. கமராத் தலையில் உள்ள ரேடியோச் சைகைக் கருவியைத் தரைக்கு மேலிருந்து தேடி, குழாயின் பாதையையும் ஆழத்தையும் குறிக்கச் சொல்லுங்கள். இந்தச் செலவு சில நூறு பவுண்தான், இதற்குப் பிறகு வரும் ஒவ்வொரு முடிவும் இந்த அறிக்கையில்தான் நிற்கும்.

பில்டிங் கொன்ட்ரோல் சான்றிதழும் இல்லையென்றால் கவுன்சிலுக்கு ரெகியூலரைசேஷன் விண்ணப்பம், அதாவது முடிந்த வேலைக்குப் பிந்திச் சான்றிதழ் கேட்கும் விண்ணப்பம், போடவேண்டும். 1985 நவம்பர் 11க்குப் பின் செய்த வேலைக்கு இது கிடைக்கும். கவுன்சில் மட்டுமே தரமுடியும், தனியார் பரிசோதகர்கள் தரமுடியாது. கட்டணம் வழக்கமானதை விடக் கூட. அதிகாரி வந்து அத்திவாரத்தைப் பார்க்க வெளிச்சுவர் ஓரமாகக் கிடங்கு வெட்டச் சொல்வார், வளையை (பீமை) பார்க்கப் பிளாஸ்ரரை உடைக்கச் சொல்வார். கோபிக்க வேண்டாம், காணாததற்கு அவர் கையெழுத்து வைக்கமுடியாது. குழாய் கடக்கிற மூலையிலேயே கிடங்கை வெட்டினால் ஒரே கிடங்கில் அவருக்கும் கம்பனிக்கும் விடை கிடைக்கும். கவுன்சிலுக்குப் பயந்து விட்டுவைப்பதும் இனிப் பழைய கதை. கட்டட விதி மீறலைத் திருத்தச் சொல்லும் அறிவித்தலுக்கான காலம் 12 மாதமாக இருந்தது, 2023 ஒக்ரோபரிலிருந்து 10 ஆண்டுகள். இங்கிலாந்தில் பிளானிங்கிலும் 2024 ஏப்ரல் 25க்குப் பின் முடிந்த கட்டடத்துக்கு நான்கு ஆண்டு விலக்குப் போய், பத்தாண்டாகிவிட்டது.

அந்தக் கிடங்கில் அதிகாரி என்ன பார்ப்பார்? கட்டட விதிகளின் எச் பகுதிக்கான அரச வழிகாட்டி தெளிவாகச் சொல்கிறது. குழாய் சுவரையோ அத்திவாரத்தையோ கடக்கும் இடத்தில் சுற்றிவர 50 மில்லிமீற்றர் இடைவெளி விட்டு, மண்ணும் எலியும் நுழையாமல் இரு பக்கமும் தகட்டால் மறைத்திருக்க வேண்டும். அல்லது குழாயைச் சுவருக்குள் வைத்துக் கட்டியிருந்தால், சுவர் முகத்திலிருந்து 150 மில்லிமீற்றருக்குள் இரு பக்கமும் வளையக்கூடிய மூட்டு, அதற்கடுத்து 600 மில்லிமீற்றருக்கு மேற்படாத அசைதுண்டு. கட்டடத்துக்குக் கீழே ஓடும் குழாயைச் சுற்றிக் குறைந்தது 100 மில்லிமீற்றர் பொடிக்கல். குழாய் 2 மீற்றரை விட ஆழமென்றால், அத்திவாரம் குழாயின் மேல் பாரம் போகாதபடி இரு பக்கமும் 1.5 மீற்றராவது தாண்டிய வளையாக இருக்கவேண்டும். கட்டடத்துக்குக் கீழே 6 மீற்றருக்கு மேல் குழாய் ஓடினால் சொந்தக்காரரின் சம்மதம் வேண்டும். பகிர்குழாயின் மேன்ஹோலுக்கு மேல் கட்டவே கூடாது.

இந்தக் கடைசி விதிதான் பலரை அடிக்கும். குசினிக்குள் அகப்பட்ட மேன்ஹோலுக்கு இரட்டை அடைப்பு மூடி போட்டு மேலே தரையோடு பதித்துவிட்டால் போதும் என்று சொல்வார்கள். உங்கள் வீட்டுக் கழிவு மட்டும் போகும் தனி வடிகால் என்றால் அது சரி. பகிர்குழாயில் சரியில்லை. அயலவரின் அடைப்பை எடுக்கக் கம்பனி ஆட்கள் உங்கள் குசினிக்குள் வரவேண்டியிருக்கும், மூடி கிளம்பினால் நான்கு வீட்டுக் கழிவு உங்கள் தரையில் நிற்கும். அந்தத் தொட்டியை எடுத்துவிட்டு நேர்குழாய் போட்டு, எக்ஸ்டென்ஷனுக்கு வெளியே மேல்பக்கம் ஒன்றும் கீழ்பக்கம் ஒன்றுமாகப் புதுத் தொட்டிகள் வைப்பதுதான் வழமையான திருத்தம். பக்கத்து வளவில் வைக்க நேர்ந்தால் அயலவரின் எழுத்துச் சம்மதம் வேண்டும்.

"அப்படியென்றால் குழாயை எக்ஸ்டென்ஷனைச் சுற்றிக் கொண்டுபோய்ப் போட்டால் என்ன?" நல்ல யோசனைதான், முதலில் சரிவைக் கணக்குப் பாருங்கள். ஆறு மீற்றர் நேர்குழாய் 1க்கு 60 சரிவில் போனால் மொத்த இறக்கம் 100 மில்லிமீற்றர். மூன்று மீற்றர் வெளியே, ஆறு குறுக்கே, மூன்று உள்ளே என்று சுற்றினால் நீளம் 12 மீற்றர், இறக்கம் அதே 100 மில்லிமீற்றர்தான். சரிவு 1க்கு 120 ஆகிவிடும். 100 மில்லிமீற்றர் குழாய்க்கு மலசலகூடம் இணைந்திருந்தால் குறைந்தபட்சம் 1க்கு 80 வேண்டும், அதாவது 12 மீற்றருக்கு 150 மில்லிமீற்றர் இறக்கம். 50 மில்லிமீற்றர் எங்கிருந்தோ வரவேண்டும். 150 மில்லிமீற்றர் குழாய் 1க்கு 150 வரை போகலாம், ஆனால் அதற்குக் குறைந்தது ஐந்து மலசலகூடங்கள் இணைந்திருக்க வேண்டும். அளந்து பார்க்காமல் சுற்றிப் போட்ட குழாயில் தண்ணீர் ஓடிவிடும், திண்மம் தங்கிவிடும். பொதுக் குழாயைத் திசை மாற்றுவதற்கும் கம்பனியின் அனுமதி முன்கூட்டியே தேவை.

கம்பனிக்குப் போகும் பொதியில் இருக்கவேண்டியவை: இடப்படம், குழாயின் கோடும் சுவர்களும் தூரத்தோடு குறித்த வளவுப் படம், அத்திவாரத்தின் ஆழத்தையும் குழாய் அடியின் ஆழத்தையும் ஒன்றாகக் காட்டும் வெட்டுமுகம், சிசிடிவி அறிக்கையும் வீடியோவும், கிடங்கு வெட்டியபோது அளவுநாடா வைத்து எடுத்த படங்கள், பில்டிங் கொன்ட்ரோல் கடிதங்கள். பிந்திய விண்ணப்பங்களில் கம்பனிக்குக் கம்பனி நடைமுறை வேறு. சில இடங்களில் முறையான உடன்பாடு கிடைக்கும், சில இடங்களில் ஆட்சேபனை இல்லை என்ற கடிதம் மட்டும். வாங்குபவரின் சொலிசிற்றருக்கும் கடன் கொடுப்பவருக்கும் எது போதும் என்று முதலே கேட்டுவையுங்கள்.

அறிக்கையில் 4, 5 என்று வந்தால் பதறிப்போய்ச் சொந்தச் செலவில் குழாய்க்குள் உள்ளுறை (லைனிங்) போட ஆள் பிடிக்காதீர்கள். பொதுக் குழாயில் கம்பனியின் சம்மதமில்லாமல் யாரும் கைவைக்க முடியாது. வேரும் வயதும் செய்த சேதத்தைத் திருத்துவது கம்பனியின் பொறுப்பு. உங்கள் அத்திவாரம் செய்த சேதமென்றால் செலவை உங்களிடம் கேட்கலாம். எது எதனால் என்பதைச் சொல்லக்கூடியது கட்டுவதற்கு முன் எடுத்த கமராப் பதிவு ஒன்றுதான், பிந்தி வருகிறவர்களிடம் அது இருப்பதில்லை.

இதை வாசிக்கும் நேரத்தில் யாருடைய பின்வளவிலாவது கிடங்கு திறந்தபடி இருந்தால், கொங்கிறீற் லொறியை ஒரு நாள் தள்ளிப்போடுங்கள். குழாய் கடக்கும் இரண்டு இடத்திலும் அளவுநாடா வைத்துப் படம் எடுங்கள். இன்றே கமரா ஓடவிடுங்கள், கூரை போட்டு முடிந்தபின் இன்னொரு முறை ஓடவிடுங்கள். சிறு குழாய்களுக்குக் கம்பனிகளின் விண்ணப்பம் எளிது. கொங்கிறீற் விழுமுன் அதைப் போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
கட்டட வடிகால் துறையில் பணிபுரியும் ஒரு வாசகர்,
வடமேற்கு லண்டன்